நூரியேவ்: ஆடியவராகப் பெரியவரா, நடத்தியவராகப் பெரியவரா?

சலங்கை:

அனைவருக்கும் வணக்கம். நான் பரதநாட்டியம் பயின்றவள். இப்போது வீட்டு மாடியில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பாலேயைப் படித்து அறிந்ததில்லை, காணொளிகளில் பார்த்து அறிந்ததுதான். சென்ற வாரம் பாரிஸ் ஓப்பரா பாலே நிகழ்த்திய 'லா பயதேர்' பதிவைப் பார்த்தேன். நடன அமைப்பு ரூடால்ஃப் நூரியேவ் என்று போட்டிருந்தது. சோவியத் நாட்டிலிருந்து தப்பி வந்த பெரிய ஆட்டக்காரர் என்ற அளவில் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, 1983 முதல் 1989 வரை அந்த நிறுவனத்தின் நடனப் பிரிவுக்கே அவர் இயக்குநராக இருந்தார் என்பது எனக்குப் புதிய செய்தி.

அதைப் பற்றித் தேடியபோது கிடைத்தவை ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. ஒரு பொன்னான தலைமுறையையே அவர் உருவாக்கினார் என்கிறார்கள் சிலர். ஆண்டில் பாதி நாள் ஊரிலேயே இருக்கமாட்டார், ஒத்திகையில் ஃபிளாஸ்க்கைத் தூக்கி எறிவார், கடைசியில் சண்டை போட்டுக்கொண்டு போனார் என்கிறார்கள் வேறு சிலர். நம் மரபில் தட்டுக்கழி பிடிப்பவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர். நட்டுவனார் எழுந்து வந்து தானும் ஆட வேண்டும் என்று துடிப்பதில்லை. ஆடுவதை விட முடியாத ஒருவரால் மற்றவர்களை எப்படி ஆளாக்க முடிந்தது? விவரம் அறிந்தவர்கள் அவருடைய வாழ்க்கையிலிருந்தே தொடங்கிச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வடதிசை:

வாழ்க்கைப் பகுதியை நான் சொல்கிறேன். பாரிஸ் பகுதியை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அவர் பிறந்ததே ஓடும் ரயிலில். செம்படையில் அரசியல் அலுவலராக விளாடிவஸ்தோக்கில் இருந்த கணவரிடம் மூன்று பெண் குழந்தைகளோடு போய்க்கொண்டிருந்த ஃபரிதா, 1938 மார்ச் 17 அன்று இர்குட்ஸ்க் அருகே அவரைப் பெற்றெடுத்தார். தாத்தார் இன முஸ்லிம் குடும்பம். போர்க்காலத்தில் ஊஃபா நகரில் ஒண்டுக்குடித்தனம், அரைவயிற்றுச் சாப்பாடு, அக்காவின் பழைய உடுப்பு என்று வளர்ந்த பையன், 1945ஐ ஒட்டிய ஒரு புத்தாண்டு இரவில் அவ்வூர் ஓப்பரா அரங்கில் முதன்முதலாக பாலே பார்த்தான். தாயின் கையில் இருந்தது ஒரே ஒரு நுழைவுச்சீட்டு. வாசலில் கூட்டம் நெருக்கியடித்த சமயம் பார்த்து நான்கு பிள்ளைகளையும் அவர் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். இனி நம் வேலை இதுதான் என்று அந்த இரவே தாம் முடிவு செய்துவிட்டதாக நூரியேவ் பிற்காலத்தில் சொல்வதுண்டு. தந்தைக்கு அது பிடிக்கவேயில்லை. ருஷ்ய பாலேயை மேற்கு ஐரோப்பாவில் புகழ்பெறச் செய்த தியாகிலெஃப்பின் குழுவில் ஒரு காலத்தில் ஆடியவரும் அப்போது ஊஃபாவில் வாழ்ந்தவருமான அன்னா உதெல்த்சோவா என்ற மூதாட்டிதான் அவருக்கு முதல் குரு என்று சொல்லத்தக்கவர்.

லெனின்கிராடின் புகழ்பெற்ற பாலே பள்ளியில் 1955இல் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. மற்ற பிள்ளைகள் பத்து வயதில் சேருகிற இடம் அது. கைவிட்டுப்போன ஏழாண்டுப் பயிற்சியை மூன்றாண்டில் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அலெக்சாந்தர் புஷ்கின் என்ற ஆசிரியர் அவரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பிற்காலத்தில் பாரிஷ்னிகோவ் என்ற மற்றொரு பெரிய ஆட்டக்காரரையும் உருவாக்கியவர் இவரே. தாமதமாகத் தொடங்கியவர் என்ற அந்தப் பதற்றம் நூரியேவை வாழ்நாள் முழுவதும் விடவில்லை என்பது என் எண்ணம். வகுப்பைத் தவறவிட்ட நாளே அவருக்குக் கிடையாது.

1958இல் லெனின்கிராடின் பெரிய பாலே குழுவான கிரோவில் நேரடியாகத் தனி ஆட்டக்காரராகச் சேர்ந்தார். 1961இல் குழு பாரிஸுக்கு வந்தபோது அந்நகரமே அவரைப் பற்றிப் பேசியது. அவரோ இரவில் பிரெஞ்சு நண்பர்களோடு ஊர் சுற்றினார், கூட வந்த காவல் அதிகாரிகள் அதைக் குறித்துக்கொண்டே இருந்தார்கள். ஜூன் 16 அன்று லண்டனுக்குப் புறப்படக் குழு லெ பூர்ஜே விமான நிலையத்தில் காத்திருந்த வேளையில், அவர் மட்டும் மாஸ்கோவுக்குப் போக வேண்டும், கிரெம்ளினில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் முன்னிலையில் ஆட வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதன் பொருள் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. செய்தி கேட்டு ஓடிவந்த தோழி கிளாரா சான், மாடியில் இருந்த பிரெஞ்சுப் போலீசாரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "நாங்களாகப் போய் அவரை அழைக்க முடியாது, அவரே எங்களிடம் வர வேண்டும்" என்ற கருத்தில் பதில் வந்தது. விடைபெறுவது போல அருகில் போன கிளாரா, கன்னத்தில் முத்தமிடும் சாக்கில் அதைக் காதில் சொல்லிவிட்டு வந்தார். காபிக் கடைப் பக்கம் சாதாரண உடையில் நின்றிருந்த இரண்டு போலீசாரை நோக்கி அவர் எடுத்து வைத்தது சில அடிகள்தாம். திரைப்படங்களில் காட்டப்படுகிற பெரும் பாய்ச்சல் எதுவும் அங்கே நிகழவில்லை என்று அவரே மறுத்திருக்கிறார். பிறகு ஒரு தனி அறையில் அமர வைத்து, நன்றாக யோசித்துக் கையெழுத்திடுமாறு சொன்னார்கள். அவர் கையெழுத்திட்டார். தாயை மீண்டும் பார்க்க 26 ஆண்டுகள் ஆயின.

லண்டன் ராயல் பாலேயின் நட்சத்திரமான மார்கோ ஃபான்டெய்னுடன் அவர் சேர்ந்த கதை எல்லோரும் அறிந்தது என்பதால் சுருக்கிக்கொள்கிறேன். 1962 பிப்ரவரி 21 அன்று இருவரும் 'ஜிசெல்' ஆடியபோது ஃபான்டெய்னுக்கு வயது 42, அவருக்கு 23. ஓய்வு பெறப் போகிறார் என்று பேசப்பட்ட அந்த அம்மையார் அதன் பிறகு பல ஆண்டுகள் ஆடினார். 1964இல் வியன்னாவில் இருவரும் 'ஸ்வான் லேக்' ஆடி முடித்தபோது 89 முறை திரையை விலக்கி வணங்க வேண்டியிருந்தது. அது கின்னஸ் பதிவு. அந்த ஆட்டத்தை அமைத்தவரும் நூரியேவே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்போது அவருக்கு வயது 26. ஆக, பிறரை வைத்து ஆட்டம் அமைக்கும் வேலை, ஆடி ஓய்ந்த பிறகு அவர் கைக்கொண்டது அன்று.

மூன்றாம் மணி:

வடதிசை அவர்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்தே நான் தொடங்குகிறேன், ஏனென்றால் சலங்கை அம்மாவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஆடுவது, அமைப்பது, சொல்லிக் கொடுப்பது ஆகியவற்றை நூரியேவ் தனித்தனி வேலைகளாகப் பார்த்ததே இல்லை. கிரோவில் கற்றதெல்லாம் அவர் தலையில் இருந்தது. மேற்கே அதை அறிந்தவர் மிகச் சிலர். 1963இல் லண்டனில் 'லா பயதேர்' நாட்டியத்தின் நிழல்கள் காட்சியை அவர் நினைவிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அந்நாள்வரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷ்யாவில் நடனம் அமைத்த பெட்டிபாவின் அந்தப் பெரும் படைப்பு மேலை நாட்டு ரசிகர்களுக்குப் பெரும்பாலும் பெயரளவில்தான் தெரியும்.

பாரிஸுக்கு வருவோம். 1983இல் அவர் பொறுப்பேற்றபோது வயது 45. அந்த நிறுவனத்தின் விதிப்படி ஆண் கலைஞர்கள் அப்போது ஓய்வு பெறும் வயதும் 45 என்பது ஒரு வேடிக்கை. பதினான்காம் லூயி காலத்து வேர் கொண்ட, ஏறத்தாழ 150 பேர் அடங்கிய, ஐந்து படிநிலைகள் உள்ள ஓர் அரசு நிறுவனம் அது. அடிமட்டத்துக்குக் காத்ரீல் என்று பெயர், உச்சிக்கு எத்வால், அதாவது விண்மீன். அக்காலத்தில் ஒவ்வொரு படிக்கும் ஆண்டுதோறும் போட்டித் தேர்வு இருந்தது. எத்வால் மட்டும் நியமனம். இடையில் ஒருவர் மேலே போனால்தான் கீழே இருப்பவருக்கு வழி. அரசு அலுவலகம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நூரியேவ் அந்த வரிசையை மதிக்கவில்லை. கூட்ட நடனத்தில் பின்வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணையோ பையனையோ பார்த்து வைத்துக்கொண்டு, திடீரென்று பெரிய வேடத்தைத் தூக்கிக் கொடுப்பார். சில்வி கியேம் 1984 டிசம்பரில் முதன்மை நடனக் கலைஞர் என்ற படிக்கு வந்து ஒரு வாரம் ஆவதற்குள், 'ஸ்வான் லேக்' ஆடி முடித்த மேடையிலேயே அவரை எத்வால் என்று அறிவித்தார். அப்போது கியேமுக்கு வயது 19. இசபெல் கெரான், லொரான் இலேர், மனுவேல் லெக்ரி ஆகியோர் அடுத்தடுத்து வந்தார்கள். பல ஆண்டு காத்திருந்தவர்களின் வயிற்றெரிச்சலை நாம் ஊகிக்கலாம்.

வேடம் கொடுத்ததோடு அவர் நிற்கவும் இல்லை. காலை வகுப்பில் கம்பளித் தொப்பியும் மரக்கட்டைச் செருப்பும் அணிந்து, இனிப்பான தேநீர் நிறைந்த ஃபிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருபது வயதுப் பிள்ளைகளோடு தாமும் கம்பியைப் பிடித்து நிற்பார். இயக்குநரே வியர்வை சிந்தி அடிப்படைப் பயிற்சி செய்கிற இடத்தில், எனக்குத் தெரியும் என்று சொல்லி வகுப்புக்கு வராமல் இருக்க யாருக்குத் துணிவு வரும்? அந்த ஃபிளாஸ்க் சில நாள் நிலைக்கண்ணாடியை நோக்கிப் பறந்தது என்பதும் உண்மைதான். பயிற்சிக்கு இடம் போதவில்லை என்று, ஓப்பராவின் அரங்கமான கார்னியே மாளிகையின் குவிமாடத்துக்கு அடியில் புதிய ஒத்திகைக் கூடங்கள் அமையச் செய்தார். அவற்றுள் ஒன்றுக்கு இன்று அவர் பெயர்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பழைய காவியங்களைத் தூசி தட்டிக் கொடுக்க வந்தவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ புதுப்பாணி நடன அமைப்பாளரான வில்லியம் ஃபோர்சைத்தை அழைத்து வந்தார். 1987இல் கியேம், கெரான், இலேர், லெக்ரி முதலானோரை வைத்து ஃபோர்சைத் அமைத்த சிறு படைப்பு இன்றும் உலகமெங்கும் ஆடப்படுகிறது. மறுபக்கம், பதினேழாம் நூற்றாண்டு அரண்மனை நடனங்களை ஆய்ந்த ஃபிரான்சின் லான்சலோவையும் அழைத்தார். தாம் பயின்று வளராத பாணிகளுக்கு இப்படி வாசலைத் திறந்துவிடுகிற மனம் பெரிய ஆட்டக்காரர்களுக்கு எளிதில் வருவதில்லை.

சண்டைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை அது காட்டும். 1986 மார்ச்சில் விருந்தினராக வந்த நடன அமைப்பாளர் மொரீஸ் பெஜார், ஆட்டம் முடிந்த கையோடு மேடையில் தோன்றி, எரிக் வு-ஆன், மனுவேல் லெக்ரி இருவரையும் எத்வால் என்று தாமாகவே அறிவித்துவிட்டார். நியமிக்கும் உரிமை அவருக்கு இல்லை. நூரியேவ் அதை ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்று சொல்லி அன்றே தள்ளிவிட்டார். சில மாதம் கழித்து நியூயார்க் பயணத்தில் லெக்ரியை அவரே முறைப்படி எத்வால் ஆக்கினார். வு-ஆனுக்கு அந்தப் பட்டம் அங்கே கடைசிவரை கிடைக்கவில்லை.

ஓரத்து இருக்கை:

மேலே உள்ளவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

முதலாவது, அவருடைய நடன அமைப்பு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அடி வைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் அதில் உண்டு. இடப்பக்கம் சுற்றி முடித்த உடனே வலப்பக்கம், அதை முடித்ததும் காலை எதிர்த்திசையில் வீசுதல் என்று, மூச்சு விட இடமில்லாமல் அடைத்து வைத்திருப்பார். 1984இல் பாரிஸுக்கென அவர் அமைத்த 'ஸ்வான் லேக்' ஆட்டத்தை அங்கிருந்த கலைஞர்களே எதிர்த்தார்கள். தாங்கள் அதுவரை ஆடி வந்த, பூர்மெய்ஸ்தர் என்பவர் அமைத்த வடிவமே போதும் என்றார்கள். இளவரசனுக்கு நீண்ட தனி ஆட்டம் சேர்த்து, ஆசானும் மந்திரவாதியும் ஒருவரே என்று ஆக்கி, அன்னத்தின் கதையை இளவரசனின் மனக்கோளாறாக மாற்றிவிட்டார் என்ற குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆண்களுக்கு மேடையில் உரிய இடத்தைப் பெற்றுத் தந்தார் என்பது உண்மை. அந்த இடத்தில் முதலில் போய் நின்றவரும் அவரே அல்லவா?

இரண்டாவது, நிறுத்தத் தெரியாமை. ஐம்பது வயதிலும் இளவரசன் வேடம் வேண்டும் என்றார். 1991இல் பிரித்தானியச் சுற்றுப்பயணத்தில் பார்வையாளர்கள் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வந்தது. அவரைத் தெய்வமாகக் கொண்டாடிய நாட்டிலேயே அது நடந்தது என்பதைப் படிக்கையில் மனம் கனக்கிறது.

மூன்றாவதாக, ஊரில் இல்லாமை. வெளிநாடுகளில் ஆடும் சுதந்திரம் வேண்டும் என்று கேட்ட கியேமுக்கு பாரிஸ் அதைத் தரவில்லை. 1989இல் அவர் லண்டன் ராயல் பாலேக்குப் போய்விட்டார். அதே ஆண்டு இயக்குநரோ வட அமெரிக்காவில் ஓர் இசை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஓப்பராவின் தலைவராக வந்த பியேர் பெர்ஜே, இத்தனை நாள் பாரிஸில் இருந்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதக் கேட்டதும், இவர் கையெழுத்திடாமல் விலகியதும் அதன் தொடர்ச்சிதான். நிறுவனம் கேட்டதில் தவறு என்ன என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

மூன்றாம் மணி:

ஓரத்து இருக்கை ஐயா சொன்ன மூன்றையும் மறுக்கமாட்டேன். இரண்டாவதற்கு மட்டும் ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது 1984இலேயே அவருக்குத் தெரியும். அக்காலத்தில் அதற்கு உருப்படியான மருந்தே கிடையாது. அதாவது பாரிஸ் ஆண்டுகளில் பெரும்பகுதியை, முடிவு நெருங்குகிறது என்று தெரிந்துகொண்டே கடத்தியிருக்கிறார். ஆடுவதை நிறுத்தினால் உயிரும் நின்றுவிடும் என்று நம்பியவர் போலத்தான் நடந்துகொண்டார். பார்வையாளர் கொடுத்த பணத்துக்கு இது சமாதானம் ஆகாது என்பதும் சரியே.

சலங்கை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நட்டுவனாரை எடுத்துக்காட்டியது அவசரப்பட்டுச் செய்ததோ என்று இப்போது தோன்றுகிறது. என் ஆசிரியையும் அறுபது வயதைக் கடந்து அரைமண்டியில் அமர்ந்துதான் எங்களைத் திருத்தினார். இன்னும் ஒன்று கேட்க விரும்புகிறேன். அந்த 'லா பயதேர்' நம் கோயில் நடனப் பெண்ணின் கதை என்கிறார்கள். மேடையில் நம்முடையது என்று சொல்ல ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. இதற்கும் நமக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

கெடிலக்கரை:

தொடர்பு உண்டு, அம்மா. எங்கள் ஊர்ப் பக்கமே உண்டு.

பயதேர் என்ற பிரெஞ்சுச் சொல், ஆடுபவள் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. நம் தேவரடியார்களை ஐரோப்பியர் அப்படித்தான் அழைத்தார்கள். கடலூருக்கு அருகில் உள்ள திருவந்திபுரத்துக் கோயிலைச் சேர்ந்த ஐந்து நடனப் பெண்கள், மூன்று இசைக்கலைஞர்களோடு 1838இல் புதுச்சேரி வழியே பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களுள் அம்மணி என்பவரின் ஆட்டத்தைக் கண்டு சொக்கிப்போன எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே பக்கம் பக்கமாக எழுதினார். பார் என்ற சிற்பி அம்மணிக்குச் சிறு வெண்கலச் சிலை வடித்தார். அதே கோத்தியே 1858இல் சகுந்தலையின் கதையை பாலேயாக எழுத, அதை பாரிஸ் ஓப்பராவில் அமைத்தவர் லூசியன் பெட்டிபா. 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'லா பயதேர்' அமைத்த மரியஸ் பெட்டிபா அவருடைய தம்பி. அம்மணியின் அடவு எதுவும் அந்த ஆட்டத்துக்குள் போய்ச் சேரவில்லை. சேர்ந்தது கோயிலில் ஆடும் பெண் என்ற ஒரு கனவு மட்டுமே. நாயகியின் பெயர் நிகியா, அவளுடைய போட்டியாளர் கம்சாத்தி, வீரனின் பெயர் சோலோர். எந்த ஊர்ப் பெயர்கள் இவை என்று நம் பாட்டிமார்கள் கேட்டிருப்பார்கள்.

நூரியேவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கக் காரணமில்லை. அவருக்கு அது இளமையில் லெனின்கிராடில் ஆடிய நாட்டியம். முழு நாட்டியத்தையும் பாரிஸுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று கடைசி ஆண்டில் அந்த வேலையைக் கையில் எடுத்தார். பதவி போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கிரோவ் நாட்களில் தம்மோடு ஆடிய நினேல் குர்காப்கினாவைத் துணைக்கு வரவழைத்து, நிற்கக்கூட வலுவின்றி, அமர்ந்தும் சாய்ந்தும் ஒத்திகை நடத்தினார். 1992 அக்டோபர் 8 அன்று அரங்கேற்றம். நிகியாவாகக் கெரானும் சோலோராக இலேரும் கம்சாத்தியாக எலிசபெத் பிளாத்தெலும் ஆடினார்கள். ஆட்டம் முடிந்து திரை விலகியபோது, அவர் உருவாக்கிய பிள்ளைகள் இரு பக்கமும் தாங்கிப் பிடிக்க மேடைக்கு வந்தார். அரங்கமே எழுந்து நின்றது. அமைச்சர் ஜாக் லாங் அவருக்குக் கலை இலக்கியத்துக்கான உயரிய விருதை அணிவித்தார். 1993 ஜனவரி 6 அன்று, 54 வயதில் அவர் காலமானார்.

மூன்றாம் மணி:

சலங்கை அம்மாவின் முதல் கேள்விக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் விடை உண்டு. அந்தப் பாரிஸ் பிள்ளைகள் பிற்காலத்தில் எங்கெங்கே போனார்கள் என்று பாருங்கள். லெக்ரி 2010 முதல் பத்தாண்டு வியன்னா பாலேயை நடத்திவிட்டு, பிறகு மிலானின் லா ஸ்காலாவுக்குப் போனார். இலேர் மாஸ்கோவிலும் அதன்பின் மியூனிக்கிலும், ஷார்ல் ஜூட் போர்தோவிலும், காதர் பெலார்பி தூலூஸிலும் இயக்குநர்களாக இருந்திருக்கிறார்கள். நூரியேவ் காலத்துக் கடைசியில், 1988இல், கூட்ட நடனத்தில் சேர்ந்த ஹொசே மார்டினெஸ் 2022 முதல் பாரிஸ் ஓப்பரா பாலேக்கே இயக்குநர். ஆட்டக்காரர்களை மட்டும் அவர் உருவாக்கியிருந்தால் இத்தனை பேர் நடத்துகிறவர்களாக ஆகியிருப்பார்களா என்பது என் கேள்வி.

பதிவை மறுபடி பார்க்கும்போது கடைசிக் காட்சியை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். பழைய கதையில் கோயில் இடிந்து விழும் இறுதி அங்கம் ஒன்று உண்டு; இங்கே அது இல்லை, நிழல்கள் காட்சியோடு திரை விழுகிறது. சரிவுப் பாதையில் வெள்ளுடைப் பெண்கள் 32 பேர் ஒருவர்பின் ஒருவராக, ஒரே அடவைத் திரும்பத் திரும்பச் செய்தபடி இறங்கி வருவார்கள். முதலில் வருபவருக்குத்தான் வேலை அதிகம், ஏனென்றால் கடைசிப் பெண் வந்து சேரும்வரை அவர் அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் அதைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.